காலி மனை: தரங்கம்பாடியிலிருந்து டர்பன் வரை

எங்கள் தெருக்கோடியில் ஒரு மனை இருக்கிறது. பழைய ஆட்களுக்கு அது முப்பது குழி. போன மாசம் வந்து அளந்த சர்வேயர் கணக்கில் பத்து சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. விற்றுத்தர வந்த புரோக்கர் வாயில் அது நாலாயிரத்து முந்நூறு சதுர அடி. மண் என்னவோ ஒன்றுதான்.

மனைக்காரர்கள் சிங்கப்பூர் போய் நாற்பது வருஷமாகிறது. முள் மண்டிக் கிடந்த இடத்தை முதலில் வெட்டித் திருத்தியது என் பெரியம்மா. அப்புறம் பக்கத்து வீடு, எதிர் வீடு என்று ஆறு வீட்டுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கிளுவையும் பூவரசும் வைத்து வேலி கட்டினார்கள். வெண்டை, கத்திரி, கொத்தவரை, கீரைப் பாத்தி, வடக்கு ஓரமாக ஒரு அவரைப் பந்தல். சுனாமிக்கு அப்புறம் மண் உப்பேறி ரெண்டு வருஷம் ஒன்றும் முளைக்கவில்லை. குளத்து வண்டலும் எருவும் கொட்டிக் கொட்டித்தான் மீட்டார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. காய்த்ததில் பாதி தெருவுக்குத்தான் போனது.

இப்போது மனையை நாலாகப் பிரித்து விற்கப்போகிறார்கள். வாங்கப்போவது வெளியாள் என்றால் சண்டை சுலபமாக இருந்திருக்கும். நாலில் ரெண்டை வாங்க முன்பணம் திரட்டிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே வாடகைக்கு இருக்கும் ரெண்டு குடும்பங்கள். "எத்தனை வருஷம்க்கா வாடகை கட்டுறது? உங்களுக்குக் கொல்லை, எங்களுக்குக் கூரை" என்று ஒரு தம்பி கேட்டது நியாயம்தான். புரோக்கர் "காலி மனைதானே, என்ன பிரச்சினை?" என்றபோது பெரியம்மா பதில் சொன்னதும் நியாயம்தான்: "காலியா? ஏம்ப்பா, இத்தன நாளு நாங்க அங்க என்னா பண்ணிக்கிட்டிருந்தோம்?"

அந்தக் கேள்வியோடு கொஞ்ச நாள் பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அது என்னைத் தரங்கம்பாடியிலிருந்து தில்லையாடி வழியாகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டது.



தரங்கம்பாடியின் எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் நிலப்பத்திரங்களின் வரலாறு. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரர்களுக்கு இந்தக் கடற்கரையில் கோட்டை கட்டவும் வணிகம் செய்யவும் இடம் கொடுத்தார். ஆண்டுதோறும் பகுதி கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அவர் எழுதிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1845இல் டென்மார்க் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது. மீன் பிடித்தவர்களையும் தறி போட்டவர்களையும் கொல்லை கொத்தியவர்களையும் இரண்டு தடவையும் யாரும் கேட்கவில்லை.

நடுவில் ஒரு தோட்டத் தகராறும் உண்டு. 1760இல் மொராவியச் சபையைச் சேர்ந்த சிலர் இங்கே வந்து இறங்கினார்கள். அவர்களுடைய குறி நிக்கோபார் தீவுகள். ஆனால் தங்குவதற்குப் பொறையார் பக்கம் நிலம் வாங்கித் தோட்டம் போட்டு, பட்டறைகள் வைத்து, கைத்தொழில் செய்து பிழைத்தார்கள். 'சகோதரர்களின் தோட்டம்' என்று அதற்குப் பெயர். சீகன்பால்கு காலத்திலிருந்து ஊரில் ஊன்றியிருந்த லுத்தரன் மிஷனரிகளுக்கு இது பிடிக்கவில்லை. கீரையும் கத்திரிக்காயும் அவர்களுக்குப் பொருட்டில்லை. இந்த ஊரில் யார் அண்டை வீட்டுக்காரராக இருக்கலாம், யார் யாரிடம் பேசலாம் என்பதுதான் சண்டை. நிக்கோபார் முயற்சி காய்ச்சலிலும் சாவிலும் முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொராவியர்கள் தோட்டத்தையும் விட்டுப் போனார்கள்.

ஊரை விற்றுப் பதினைந்து வருஷம் கழித்து, இதே சோழமண்டலக் கரையின் மேல்கோடியிலிருந்து வேறொரு பயணம் தொடங்கியது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைமுகத்தில் நின்றது. அதில் 342 பேர். நேட்டால் காலனியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள். 1911இல் இந்த ஏற்பாடு நிறுத்தப்படும்வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும். வேலை தேடி, வணிகம் தேடித் தம் செலவிலேயே போனவர்களும் உண்டு.

பொறையாரை ஒட்டியிருக்கும் தில்லையாடிக்குப் பேருந்தில் போனால் வள்ளியம்மை நினைவு மண்டபத்தைப் பார்க்கலாம். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். பெற்றோரின் பூர்வீகம் இந்த மண். 1913இல் காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து நேட்டாலுக்குள் நுழைந்து மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றாள். சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22ஆம் தேதி இறந்தாள். அன்று அவளுக்குப் பதினாறு வயது நிறைந்திருந்தது. காந்தி 1915இல் தில்லையாடிக்கே வந்தார். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அவள் எதிர்த்த வரிகளில் ஒன்றான மூன்று பவுண்டு வரிக்கும் கத்திரிக்காய்க்கும் உள்ள சம்பந்தத்தை மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.



ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்த கூலி என்ன செய்வார்? காலனி எதிர்பார்த்தது மறுபடி ஒப்பந்தம், இல்லையென்றால் ஊர் திரும்புவது. பலர் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார்கள். நிலத்தை வாடகைக்குப் பிடித்துக் காய்கறி போட்டார்கள். திரும்பும் பயணச் சீட்டுக்குப் பதிலாக அரசு நிலம் பெற்றுக்கொள்ளலாம் என்று 1870இல் ஒரு சட்டம் வந்தது. வெகு சிலருக்கே அது கிடைத்தது. 1891இல் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். ஆகவே பெரும்பாலோர் தோட்டம் போட்டது வெள்ளைக்காரர் கைவசம் சும்மா கிடந்த நிலத்தில்: ஆற்றோரச் சதுப்பு, சரிவான பள்ளத்தாக்கு, கரும்புக்கு ஆகாத ஓரம். உம்கேனி ஆற்றங்கரை, கேட்டோ மேனர், கிளேர்வுட். குத்தகை குறுகிய காலத்துக்குத்தான். எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம் என்பதால் செங்கல் வீடு கட்டத் துணிவில்லை. பலகையும் தகரமுமாக வீடுகள். நீர் வடிய வாய்க்கால் வெட்டி, எரு சுமந்து, குடும்பத்தோடு கொத்தினார்கள். காவிரிக் கழிமுகத்திலிருந்து போனவர்களுக்குச் சேற்று நிலத்தோடு எப்படிப் பேசுவது என்று தெரிந்திருக்காதா என்ன?

ஒரு தலைமுறைக்குள் டர்பனின் காய்கறி அவர்கள் கையில் வந்துவிட்டது. கூடைகளைத் தோளில் தூக்கி வெள்ளைக்காரர் வீட்டு வாசல் வாசலாக விற்றார்கள். அந்த வீடுகளில் காய்கறிக்காரர் எல்லாருக்கும் ஒரே பெயர்: 'சாமி'. ராமசாமி, முனுசாமி, கோவிந்தசாமி என்ற பெயர்களின் வாலை வெட்டி எடுத்த பெயர். காய்கறிக்காரிகளுக்கெல்லாம் 'மேரி'. பெயர் தெரியாத ஆளிடம் தினமும் வாங்கித் தின்ன முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

1887இல் அறிக்கை தந்த ராக் ஆணையம் விடுதலை பெற்ற இந்தியர்கள் தோட்டக்காரர்களாகக் காலனிக்கு நன்மை செய்வதை ஒப்புக்கொண்டது. ஆனால் வெள்ளையர்களிடம் அப்போதே இன்னொரு பேச்சும் வளர்ந்துகொண்டிருந்தது. கூலியாக இருந்தால் சரி, குடியானவனாக, வியாபாரியாக, போட்டியாளனாகத் தங்கினால் சரியில்லை. 1895இல் அது சட்டமாயிற்று. புதிதாக ஒப்பந்தத்தில் வந்து, காலம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் தங்குகிறவர் ஆண்டுக்கு மூன்று பவுண்டு கட்ட வேண்டும். ஆணும் பெண்ணும் தனித்தனியே. சொந்தமாகக் கொத்திப் பிழைப்பதற்கு ஒரு விலை வைத்தார்கள். வள்ளியம்மை சிறை போன போராட்டத்தின் கோரிக்கைகளில் அதை ஒழிப்பதும் ஒன்று. 1914இல் ஒழிந்தது.

வரி போனாலும் நிலம் கைக்கு வரவில்லை. தெருவோரம் தரையில் குந்தி விற்ற தோட்டக்காரர்களின் சந்தைக்கு நகரம் 'குந்துவோர் சந்தை' என்றே பெயர் வைத்திருந்தது. 1930களில் அதை வார்விக் அவென்யூ பக்கம் நகர்த்தினார்கள். இன்றும் அங்கே அது 'அதிகாலைச் சந்தை'. 1932இல் டர்பன் தன் நகர எல்லையை விரித்தபோது, நேற்றுவரை ஊருக்கு வெளியே இருந்த தோட்டங்கள் ஊருக்குள் வந்தன. தொழிற்சாலைக்கு இடம் வேண்டும், துறைமுகத்துக்கு இடம் வேண்டும், வெள்ளையர் குடியிருப்புக்கு இடம் வேண்டும். சதுப்பாகக் கிடந்தவரை யாருக்கும் வேண்டாத மண், வடிகால் வெட்டிப் பண்படுத்திய பிறகு எல்லாருக்கும் வேண்டியதாயிற்று. தோட்டக்காரர்களின் உழைப்பே அவர்களை வெளியேற்றும் விலையை ஏற்றியது. நியூயார்க்கிலும் சென்னைப் புறநகரிலும் எங்கள் தெருவிலும் இதே கணக்குதான் ஓடுகிறது.

1950இல் நிறவெறி அரசு இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கேட்டோ மேனர் 1958இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பல்லாயிரம் இந்தியர்கள் அங்கிருந்து கிளப்பப்பட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். கொடுமையிலும் கொடுமை, அந்தச் சாட்ஸ்வொர்த்தே இந்தியத் தோட்டக்காரர்களின் பண்ணைகளைக் கையகப்படுத்திக் கட்டியது. ஒரு தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டவர்களை இன்னொருவரின் தோட்டத்தின் மேல் குடிவைத்தார்கள்.

அப்படி வெறி கொண்டு காலிசெய்த கேட்டோ மேனரில் அரசு என்ன கட்டியது? பெரும்பகுதியில் எதுவுமே கட்டவில்லை. பல பத்தாண்டுகள் புல் மண்டிக் கிடந்தது. கோயில்கள் மட்டும் நின்றன. 'இரண்டாம் ஆற்றுக் கோயில்' என்று அழைக்கப்படும் ஸ்ரீ அம்பலவாணர் ஆலயம் அதில் ஒன்று. நம்ம பக்கத்துச் சிதம்பரத்துச் சாமியின் பெயர். சாட்ஸ்வொர்த்துக்குப் போனவர்கள் தீமிதிக்குத் திரும்பி வந்துகொண்டே இருந்தார்கள். காலியாக்கப்பட்ட நிலம் என்றால் அதுதான். எங்கள் தெரு மனைக்கும் அதற்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம்.



இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் நல்லவர் கெட்டவர் பிரிந்து நின்றிருப்பார்கள். வரலாறு அவ்வளவு வசதியாக இல்லை.

1940களில் வேலை தேடி டர்பனுக்கு வந்த ஆப்பிரிக்கர்களுக்குக் குடியிருக்க இடமில்லை. நகரம் அவர்களுக்கு வீடு கட்டித்தரவும் இல்லை, நிலம் வாங்க விடவும் இல்லை. கேட்டோ மேனரில் நிலம் வைத்திருந்த இந்தியர்கள் சிலர் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். காய்கறி போடுவதைவிடக் குடிசைக்கு வாடகை விடுவது லாபம். பாத்திகள் மறைந்து குடிசைகள் எழுந்தன. உம்குமபானே ஓடையை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் நிலக்காரரும் கடைக்காரரும் இந்தியர், குடியிருந்தவர் ஆப்பிரிக்கர். இருவரையும் ஒடுக்கிய அரசு தூரத்தில் இருந்தது. வாடகை வசூலிக்கிறவர் முகம் பக்கத்தில் இருந்தது. 1949 ஜனவரியில் சந்தைப் பகுதியில் ஒரு இந்தியக் கடைக்காரருக்கும் ஆப்பிரிக்கச் சிறுவனுக்கும் நடந்த தகராறு கலவரமாக வெடித்தது. மூன்று நாளில் 142 பேர் செத்தார்கள். கேட்டோ மேனரில் இந்தியர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. செத்தவர்களில் ஆப்பிரிக்கர்களே அதிகம். பலர் போலீசும் ராணுவமும் சுட்டதில் இறந்தவர்கள்.

"எங்க தாத்தா கொத்துன மண்ணு" என்று ஒரு டர்பன் தமிழர் சொன்னால் அது உண்மை. அதே மண்ணில் அவருக்கு முன்பும் ஆள் இருந்தார்கள் என்பதும் உண்மை. தோட்டக்காரர்களுக்கு அது காலியாகத் தெரிந்ததற்குக் காரணம், அவர்களுக்கு முன்னாலேயே வெள்ளைக்காரர்கள் அதைக் காலி என்று தாளில் எழுதிவிட்டதுதான்.

2009இல் அதிகாலைச் சந்தைக்கு மறுபடி சோதனை வந்தது. உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முன்னால் அதை எடுத்துவிட்டு அங்கே ஒரு மால் கட்ட டர்பன் மாநகராட்சி திட்டமிட்டது. தோட்டக்காரர்களின் பேரப்பிள்ளைகளான இந்திய வியாபாரிகளும், வண்டி தள்ளும், தெருவில் விற்கும் ஆப்பிரிக்கர்களும் இந்தத் தடவை ஒரே பக்கம் நின்றார்கள். போராட்டம், வழக்கு, ரப்பர் குண்டு எல்லாம் ஆகி, கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. தெற்கு டர்பனில் பழைய விமான நிலையத்தை ஒட்டிக் குத்தகைக்குக் காய்கறி போட்டுவந்த சிறு விவசாயிகளுக்கு இன்னொரு சண்டை. 2012இல் அந்த நிலத்தை அரசுத் துறைமுக நிறுவனமான டிரான்ஸ்நெட் வாங்கியது. அங்கே ஒரு துறைமுகமே தோண்டுவதாகத் திட்டம். விவசாயிகள் அக்கம்பக்கத்துச் சுற்றுச்சூழல் அமைப்போடு சேர்ந்து எதிர்த்தார்கள். துறைமுகம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

நியூயார்க் கதை கொஞ்சம் வேறு. 1970களில் அந்நகரம் திவாலின் விளிம்பில் கிடந்தபோது, எரிந்த கட்டடங்களின் காலி மனைகளில் அக்கம்பக்கத்தார் தோட்டம் போட்டார்கள். சந்தை நிமிர்ந்த பிறகு, 1999இல், அப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விட மேயர் ஜூலியானி முயன்றார். தொண்டு அமைப்புகள் பணம் திரட்டி அவற்றை வாங்கிக் காப்பாற்றின. அங்கேயே எலிசபெத் தெருவில் ஒரு தோட்டத்தின் மீது பத்து வருஷத்துக்கும் மேல் சண்டை நடந்தது. எதிர்த்தரப்பில் இருந்தது மால் அல்ல. வசதியில்லாத முதியவர்களுக்கான 123 வீடுகள். தோட்டமா கூரையா என்று எங்கள் தெருவில் கேட்பதேதான். 2025 ஜூனில் நகர நிர்வாகம் தோட்டத்தை விட்டுவிட்டு, அதே வட்டாரத்தில் வேறு மூன்று இடங்களில் அறுநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டும் ஏற்பாட்டுக்கு வந்தது. வேறு இடம் இருக்கிறதா என்று தேடவே அத்தனை வருஷம் ஆனது.



கடைசியாக ஊருக்குத் திரும்புகிறேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு தமிழக அரசு போட்ட மறுவீட்டு ஆணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் போனால் புது வீடு தருவதாகச் சொன்னது. பதிலுக்குப் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். கரை முழுக்க மீனவர்கள் கேட்ட கேள்வி, நாங்க விட்ட இடத்துல நாளைக்கு யாரு வருவா என்பது. வலை காயப்போட்ட மணல், கட்டுமரம் ஏற்றிய மேடு, பெண்கள் கருவாடு பரப்பிய திடல், இதற்கெல்லாம் பட்டா கிடையாது. கணக்கில் அது புறம்போக்கு. தரங்கம்பாடியில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வீடு கட்டியபோது, குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி வரைபடம் போட்டார்கள். அதற்குக் காலம் பிடித்தது. அவசரமாக ஒரே அச்சில் வார்த்த வேறு பல குடியிருப்புகளோடு ஒப்பிட்டுக் கட்டட வல்லுநர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள்.

டர்பனையும் நியூயார்க்கையும் படித்துவிட்டு எங்கள் தெருவுக்கு ஒரு தீர்ப்போடு நான் வரவில்லை. பெரியம்மா பக்கம் பேச ஆரம்பித்தால் அந்த வாடகைத் தம்பியின் முகம் நினைவுக்கு வருகிறது. மனைக்காரர்களிடம் பத்திரம் இருக்கிறது, அதை மறுக்கவும் முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் போன ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் கூடியபோது சொன்னேன். "காலி மனை" என்ற சொல்லை விட்டுவிட்டுப் பேசுவோம். அங்கே என்ன இருக்கிறது, யார் போட்டது, எத்தனை வருஷம் என்று முதலில் ஒரு தாளில் எழுதுவோம். அதை மனைக்காரர்களுக்கு அனுப்புவோம். அப்புறம் விலை பேசுவோம்.

எழுதினோம். வண்டல் எத்தனை வண்டி என்பதில் மட்டும் பெரியம்மாவுக்கும் எதிர்வீட்டு அத்தைக்கும் தகராறு. வேலியில் இருக்கும் பூவரசு எத்தனை என்று எண்ணப் போனது அந்த வாடகைத் தம்பிதான். வந்து, "பதினேழு இருக்குக்கா. நான் வீடு கட்டுனாலும் வேலிய வெட்ட மாட்டேன்" என்றான். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயந்தரம் அவன் வீட்டுக்கு ஒரு முறம் அவரைக்காய் போனது.

சிங்கப்பூரிலிருந்து பதில் வந்திருக்கிறது. நாலில் மூன்றை விற்பார்களாம். வடக்கு ஓரத்து மனையைப் பற்றிப் பொங்கலுக்கு ஊர் வரும்போது நேரில் பேசலாமாம். அதுவரை பந்தலைப் பிரிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள்.